என் மகள் பேசிவிடுவாளோ என்று பயந்த நாட்கள்

ஆண்டவரை நம்பி நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

என் மகள் கெசியாவுக்கு இரண்டரை வயது ஆகியும் ஒரு சொல்கூட வரவில்லை. அம்மா என்று சொல்லவில்லை. அப்பா என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து சொம்பின் பக்கம் இழுப்பாள். பசித்தால் அழுவாள். மற்ற நேரமெல்லாம் ஒரே சுருதியில் ஒரு முனகல். தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் கடை வாசலில் நின்று பிஸ்கட் கேட்பார்கள். என் பிள்ளை அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நானோ, பேசுவதையே தொழிலாக்கிக்கொள்ளப் படித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். கணவர் ஜெயசீலன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். செய்தி வாசிப்பாளராக வேண்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் வந்தபின் அந்த ஆசையை மூடி வைத்திருந்தேன். கணவர்தான் அதைத் திறந்தார். கெசியாவுக்கு ஒரு வயது முடிந்ததும் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் முதுகலை இதழியல் சேர்ந்தேன். "ரெண்டு வருஷம்தான? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றார். எனக்கு ஓடவில்லை.

விடியும் முன் எழுந்து சோறு, குழம்பு, பிள்ளைக்குக் கஞ்சி எல்லாம் முடித்து, துறைமுகம் சந்திப்பு ஸ்டேஷனுக்கு நடப்பேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும் வரை அசைன்மென்ட் எழுதுவேன். பரங்கிப்பேட்டையில் என் வகுப்புத் தோழி ஷமீமா ஏறுவாள். என்னைவிட இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஏறியதும் போனில் அன்றைய செய்திகளை எடுத்து, துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டு வாசித்துப் பழகுவேன். அவள் தவறு சொல்வாள். ஒருநாள் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "இந்தாம்மா, இவ்ளோ நேரமா படிக்கிற. நாளைக்கு மழ உண்டா இல்லியா? அத மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லிடு, நெல்லு காய வெக்கணும்" என்றார். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஆண்டில் நான் சிரித்த நாட்கள் குறைவு, அதனால் இது நினைவிருக்கிறது.

வகுப்பு, எடிட்டிங் லேப், செமினார். இதற்கு நடுவே எதிர்காலத் திட்டம் வேறு. குரல் மாதிரி பதிவு செய்து சென்னைச் சேனல்களுக்கு அனுப்ப வேண்டும். யார் ஆள் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உடன் படிப்பவர்கள் வகுப்பு முடிந்ததும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ரயிலுக்கு ஓடுவேன். ஓடும்போது, கல்லூரியில் எதையோ விட்டுவிட்டு ஓடுகிறேனோ என்று தோன்றும். வீட்டுக்குள் நுழைந்ததும், காலையில் எதையோ விட்டுவிட்டு ஓடியிருக்கிறேனோ என்று தோன்றும். இரண்டு இடத்திலும் நான் பாதிதான் இருந்தேன்.

பிள்ளை மதியம் தூங்குவதற்காக ஒரு வழி செய்திருந்தேன். நான் பாடும் பாட்டையும், தூங்கும்முன் சொல்லும் ஜெபத்தையும் பதிவு செய்து, பின்னணி இரைச்சலை நீக்கி, ஒரு பழைய போனில் போட்டுக் கொடுத்திருந்தேன். அத்தை அதைப் போட்டதும் கெசியா போனை இரண்டு கையாலும் பிடித்து இடது கன்னத்தோடு அழுத்திக்கொள்வாளாம். "ஒன்ன கட்டிப்புடிச்சிக்கிற மாதிரியே போனக் கட்டிப்புடிச்சிக்கிதுடி" என்று அத்தை சொல்வார். கேட்டு எனக்கு மனம் குளிரும். என் குரலின் மேல் என் பிள்ளைக்கு இவ்வளவு ஆசையா என்று.

பேச்சு வராதது பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்றார்கள். போனைக் கொடுத்து வளர்த்தால் இப்படித்தான் என்றார்கள். தாய் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு எப்படி வரும் என்றார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த நாத்தனார் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அண்ணி டிவியில பேசப் போறாங்க இல்ல, அதான் புள்ள பேச்சையும் சேத்து அவுங்களே வாங்கிக்கினாங்க." கணவர் முறைத்தார். அவள், "சும்மா வெளாட்டுக்குச் சொன்னேண்ணா" என்று அப்பளத்தை உடைத்தாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அவள் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் பெண்கள் கூடி உபவாச ஜெபம் செய்வோம். புஷ்பலீலா அக்கா வீட்டில் நடக்கும். அக்கா தையல் கடை வைத்திருக்கிறார், பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரும் அவர்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரிய பாரம் உள்ளவர்கள் எழுந்து நின்று, எல்லார் முன்னிலையிலும் ஆண்டவருக்குப் பொருத்தனை செய்வார்கள். இன்ன காரியம் வாய்த்தால் இன்னது செய்வேன் என்று. அதன்பின் அந்தக் காரியம் முடியும்வரை ஒவ்வொரு வெள்ளியும் அக்கா அந்தப் பொருத்தனையைச் சொல்லி நினைவுபடுத்துவார், எல்லாரும் ஆமென் சொல்வார்கள். சிலர் காணிக்கை சொல்வார்கள். சிலர் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிறேன் என்பார்கள்.

மழை தொடங்கிய ஐப்பசியில் ஒரு வெள்ளி, நான் எழுந்து நின்றேன். கெசியா என் காலைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். "என் புள்ள வாய் தொறந்து பேசட்டும் ஆண்டவரே. அது பேசற அன்னிக்கே நான் படிப்ப விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும், இதுதான் சரி என்று பட்டது. என்னிடம் இருந்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அதைத்தானே கொடுக்க வேண்டும்? பெண்கள் அழுதார்கள். புஷ்பலீலா அக்கா என் தலையில் கைவைத்து ஆமென் சொன்னார்.

கணவரிடம் சொன்னேன். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மாதமே சென்னையில் ஒரு செய்திச் சேனலிலிருந்து அழைத்தார்கள். நான் முன்பு அனுப்பிய குரல் மாதிரி அவர்களுக்குப் பிடித்திருந்தது. நேரில் போய் வாசித்துக் காட்டினேன். படிப்பு முடிந்ததும் ஜூனில் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வரும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு ஜெபங்கள் என்னிடம் இருந்தன. பிள்ளை பேச வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று முட்டும்படி கட்டி வைத்தது நானே. ஒன்று கிடைத்தால் மற்றது போகும். வேறு யார்மேலும் குறை சொல்ல வழியில்லை.

மாதா மாதம் பிடிக்கும் சளி மார்கழி முழுவதும் கெசியாவை விடவில்லை. கிறிஸ்துமஸ் புதுச்சட்டையை மூக்கொழுகலோடு போட்டுவிட்டோம். அவள் பேசவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது, வானொலி வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் வீட்டின் ஒரு காலை நேரத்தை ஒலியாக மட்டும் பதிவு செய்து வாருங்கள், அதைச் சுருக்கி ஒரு நிகழ்ச்சியாக வெட்டுங்கள் என்றார்கள். நான் ரெக்கார்டரைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு வழக்கமான வேலைகளைப் பார்த்தேன். மறுநாள் லேபில் ஷமீமா என் பக்கத்தில் இருந்தாள். இருவரும் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டோம்.

குக்கர் விசில். அத்தை குழாயடியில் யாரோடோ சண்டை. நான் கூப்பிடுகிறேன், "கெசியா... தங்கம்... கெசிமா இங்க வா." முனகல். மறுபடியும் கூப்பிடுகிறேன். அதே முனகல். மறுபடியும். பிறகு என் காலடிச் சத்தம், கைதட்டல், அதன்பின்தான் அவள் சிரிப்பு. வீட்டில் நேரில் பார்க்கும்போது, கூப்பிட்டால் அவள் திரும்புகிறாள் என்றே நினைத்திருந்தோம். கண்ணை விட்டுவிட்டுக் காதால் மட்டும் கேட்டபோதுதான் தெரிந்தது. நான் அவள் பார்வையில் படும்வரை அவள் திரும்பவே இல்லை.

பிறகு அந்த இடம் வந்தது. அடுப்படியில் எவர்சில்வர் அடுக்கு மொத்தமும் சரிந்து விழுகிறது. ஹெட்போனில் எங்கள் இருவருக்குமே தூக்கிப்போட்டது. அத்தை "ஐயோ" என்று கத்துகிறார். வாசலில் காகம்கூடப் பறக்கிறது. திரையில் ஒலியின் கோடு பெரிய முள்ளாக எழுந்து நிற்கிறது. அந்த முள்ளுக்கு முன்னாலும், அதற்கு அடியிலும், அதற்குப் பின்னாலும் கெசியாவின் முனகல் போய்க்கொண்டே இருக்கிறது. நிற்கவில்லை. உயரவில்லை. நடுங்கவில்லை. இழுத்துக் கட்டிய நூல் மாதிரி ஒரே நேராக.

ஷமீமா ஹெட்போனைக் கழற்றினாள். "அக்கா, தப்பா நெனைக்காத. கெசியா காத எப்பயாச்சும் டாக்டர்ட்ட காட்னியா?"

நான் மறுபடி அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். போனை அவள் கன்னத்தோடு அழுத்திக்கொள்வது நினைவுக்கு வந்தது. ஆசையில் கட்டிப்பிடிக்கவில்லை. கேட்பதற்காக அழுத்தியிருக்கிறாள். ஒலி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று நாள் முழுக்கப் படிப்பவள் நான். என் பிள்ளையின் இந்த ஒரு செய்கை எனக்குப் புரியவில்லை. லேபிலேயே மேசைமேல் தலைவைத்து அழுதேன். ஷமீமா தன் முறையில் துவா சொன்னாள், அல்லாஹ்விடம் கேட்கிறேன்க்கா என்றாள்.

சிதம்பரத்திலேயே காது மருத்துவரிடம் காட்டினோம். பரிசோதனைகள் எடுத்தார்கள். தொடர்ந்து பிடித்த சளியால் இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் பசை மாதிரி நீர் கட்டியிருக்கிறது என்றார் மருத்துவர். அதை எடுத்துவிட்டுச் சிறு குழாய் வைக்கலாம். ஆனால் வலது காதில் நரம்பிலும் குறை இருப்பதுபோல் தெரிகிறது, அது எவ்வளவு என்று பிறகுதான் சொல்ல முடியும் என்றார். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா பேச்சு வர்றது ரொம்பக் கஷ்டமாயிருக்கும்மா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். காலேஜில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள் டாக்டர் என்றேன். சொன்னதும் எனக்கே உறைத்தது. எதை விட்டுவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னேனோ, அதன் வழியாகவே அவர் வந்திருக்கிறார்.

ஆனால் இது எனக்கு நிம்மதி தரவில்லை. பொருத்தனை அப்படியே நின்றது. வெள்ளிதோறும் புஷ்பலீலா அக்கா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம தங்கச்சி புள்ள பேசினதும் படிப்ப விட்டுடறேன்னு சொல்லியிருக்கா ஆண்டவரே." எல்லாரும் ஆமென். என் வாயும் ஆமென் என்றது. என் மனது அந்த ஆமெனோடு போகவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தில் ஆபரேஷன். காலையிலிருந்து பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றதால் அழுதுகொண்டே இருந்தாள். தியேட்டர் வாசலில் நர்ஸ் வாங்கிக்கொண்டபோது என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தேன். கதவு மூடியது. கணவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். நானும் அத்தையும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திடீரென்று சொன்னார்: "எல்லாம் என்னாலதான்டி."

"இன்னாத்த சொல்றீங்க?"

"நீ போனதும் நாடகம் போடுவேன். கொழந்த டிவி கிட்டயே போயி நிக்கும். சவுண்டு ஜாஸ்தி வெச்சா அதுக்கும் ஒரு சந்தோஷம்னு வெச்சிடுவேன். அந்தச் சத்தத்துலதான் காது போயிடுச்சி. ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

எத்தனை நாளாக அந்த வீட்டுக்குள் நாங்கள் இருவரும், தனித்தனியே, ஒரே குற்றத்தைச் சுமந்துகொண்டு பாத்திரம் தேய்த்திருக்கிறோம்! சளியால் வந்தது அத்தை, டிவியால் இல்லை, டாக்டரே சொன்னார் என்றேன். நம்பாமல் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாடகம் பாக்கலாமா?" என்றார். "பாருங்க, சவுண்ட மட்டும் கொறச்சிக்கோங்க" என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பிறகு கண்ணை மூடினேன். வழக்கமாக நான் ஜெபிக்கும்போது ஏதாவது கொடுக்கிறேன் என்றுதான் ஆரம்பிப்பேன். உபவாசம் இருக்கிறேன், காணிக்கை தருகிறேன், இதை விடுகிறேன், அதைச் செய்கிறேன். அன்று என்னிடம் ஒன்றுமில்லை. கொடுக்க இருந்த ஒன்றையும் முன்பே வாக்குக் கொடுத்துவிட்டேன். "ஆண்டவரே, நான் பேரம் பேசினேன். நீங்க கொடுத்ததையே உங்களுக்கு விலையா வெச்சேன். இப்ப எங்கிட்ட எதுவும் இல்ல. புள்ளயப் பாத்துக்கோங்க." இவ்வளவுதான் என் ஜெபம். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சின்ன ஜெபம் அது. தரிசனம் எதுவும் வரவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மனம் அடங்கி அமைதியானது. அது மட்டும் உண்மை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது.

ஜெபம் கேட்கப்பட்ட வீட்டில் உடனே சந்தோஷம் நிரம்பும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அழுகைதான் நிரம்பியது. இடது காது கேட்கத் தொடங்கியதும் கெசியாவுக்கு உலகமே பயமாகிவிட்டது. மிக்ஸி போட்டால் அலறுவாள். குக்கர் விசிலுக்குக் கட்டிலுக்கு அடியில் ஓடுவாள். மழை ஓட்டில் விழுந்தால் என் வயிற்றில் முகத்தைப் புதைப்பாள். அத்தை துவையலை அம்மியில் அரைக்கத் தொடங்கினார். ஷிஃப்ட் முடிந்து வரும் கணவர் வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். வலது காதில் கேட்கும் திறன் மிகக் குறைவு, பின்னால் கருவி மாட்ட வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. நாங்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்ததோ என்று ஒரு நாள் முழுக்க அழுதேன். கிடைத்த பாதிக்கு நன்றி சொல்ல மறந்தேனே என்று மறுநாள் அழுதேன்.

வியாழன்தோறும் பேச்சுப் பயிற்சிக்குச் சிதம்பரம் கூட்டிக்கொண்டு போனோம். பயிற்சி தரும் பெண் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு பேசுவார். பிள்ளை உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்டுப் பழக வேண்டும் என்பதற்காக.

இப்போது நான் சொல்லப்போவது சொல்லக் கூச்சமான விஷயம். எந்தத் தாயும் தன் பிள்ளையின் முதல் சொல்லுக்காகக் காத்திருப்பாள். நான் அதற்குப் பயந்தேன். அவள் பேசுகிற அன்றைக்குப் படிப்பை விடுகிறேன் என்றுதானே சொல்லியிருக்கிறேன்? இறுதிப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. பரீட்சை முடியும்வரை அவள் பேசாமல் இருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வரும். வந்த உடனே என்மேல் எனக்கே அருவருப்பு வரும். பயிற்சி அறையின் வெளியே உட்கார்ந்து, பேசட்டும் ஆண்டவரே என்று ஒரு மூச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று ஒரு மூச்சு. தியேட்டர் வாசலில் வந்த அமைதி எங்கே போனது என்று தெரியவில்லை.

ஈஸ்டர் முடிந்த வியாழன். பயிற்சிப் பெண் அட்டைக்குப் பின்னாலிருந்து, சிவப்புப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு "தா" என்றார். கெசியா கையை நீட்டினாள். "தா" என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கைதட்டினார். நான் சிரித்தேன். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னாள். என் பிள்ளையின் குரல் இவ்வளவு தடிமனாக, ஒரு சின்ன ஆண்பிள்ளைக் குரல் மாதிரி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "இன்னாடி சொன்னாங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லத்த, பழக்கிக்கினு இருக்காங்க" என்றேன். என் மகளின் முதல் சொல்லை மறைத்தேன். மறைக்க முடிந்ததா? சாயங்காலம் அத்தை பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் கெசியா நேராகப் போய்க் கையை நீட்டி "தா" என்றாள். அத்தை டப்பாவைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடினார். "ஏய், எம்பேத்தி பேசிட்டா! தா தா ங்கறாடி! வந்து கேளுங்கடி!" தெருவில் இருந்த அத்தனை வீட்டிலும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துச் சொல்ல வைத்தார்கள். கணவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைத் தேடினார். நான் பின்கட்டில் நின்றிருந்தேன். "நாளைக்கு வெள்ளிக்கெழம" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

"நானும் வரட்டா?" என்றார்.

"அது பொம்பளங்க ஜெபம், மாமா."

"வாசல்ல நிக்கறேன்."

வெள்ளிக்கிழமை, செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நுழைந்ததும் பெண்கள் கெசியாவைத் தூக்கி முத்தம் கொடுத்தார்கள். அந்தச் சத்தத்தில் அவள் மிரண்டு அழுதாள். பாட்டுப் பாடினோம். பிறகு புஷ்பலீலா அக்கா என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். நடந்ததெல்லாம் சொன்னேன். ரெக்கார்டரைச் சொன்னேன், பெஞ்சில் ஜெபித்ததைச் சொன்னேன், முதல் சொல்லுக்குப் பயந்ததைச் சொன்னேன். கடைசியில், "படிப்ப விட எனக்கு மனசு வரலக்கா. ஆண்டவர் அந்தப் படிப்புல வந்துதான் புள்ளயக் காட்டிக் குடுத்தாரு. ஆனா வார்த்த குடுத்தது நான்தான். இன்னா செய்யறதுன்னு எனக்குத் தெரியல" என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒருத்தி, "பொருத்தன பண்ணா நெறவேத்தணும், அதுல இன்னா கேள்வி?" என்று முணுமுணுத்தாள். இன்னொருத்தி அவள் தொடையைக் கிள்ளினாள். புஷ்பலீலா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் தெரியலம்மா" என்றார் அக்கா. "அன்னிக்கு நீ சொன்னப்ப, யோசிச்சிச் சொல்றியான்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம ஆமென் சொன்னேன். வாரா வாரம் வேற சொன்னேன். அதுக்கு நான் ஆண்டவர்கிட்டப் பேசிக்கறேன். ஒன்னுத நீ பேசிக்க." பிறகு, யாரோ சட்டைக்கு அளவு கேட்டது போலச் சாதாரணமாக, "பரீட்ச என்னிக்கு?" என்றார்.

சொன்னேன்.

"வியாழக்கெழம கொழந்தய நான் கூட்டினு போறேன். கடைய மத்தியானமா தொறந்துக்கறேன். நீ போயி எழுது. சும்மா வாயப் பாத்துக்கினு நிக்காத, ஒக்காரு."

நான் உட்கார்ந்தேன். கெசியா நடந்து போய் அக்காவின் கண்ணாடியைப் பிடித்து, "தா" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வாசலில் நின்ற என் கணவர் மட்டும் எட்டிப் பார்த்து, உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் விழித்தார்.

சென்னைச் சேனலுக்கு நான் போகவில்லை. வாராவாரம் பயிற்சி, காதுக் கருவி, பரிசோதனை என்று இருக்கும் பிள்ளையை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்று நானே எழுதிவிட்டேன். அவர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். ஒருவேளை ஆண்டவர் பொருத்தனையில் எடுத்துக்கொண்ட பங்கு இதுதானோ என்று சில நாள் தோன்றும். இல்லை, அவர் கேட்கவே இல்லை, நானே கொடுத்துவிட்டு அவர் பெயரைச் சொல்கிறேனோ என்று சில நாள் தோன்றும். எனக்கு இன்னும் விடை தெரியாது. இப்போது எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கும் சிறிய சமுதாய வானொலியில் வாரத்தில் சில நாள் அறிவிப்பாளராக இருக்கிறேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு வானிலை வாசிக்கிறேன். காது கேளாத பிள்ளைகளின் தாய்மாருக்காக ஒரு நிகழ்ச்சி தயாரிக்கிறேன். நான் கனவு கண்ட திரை இதில் இல்லை. ஆனால் முழுதாக இருக்கிறேன். வீட்டில் இருக்கும்போது வீட்டில், மைக் முன்னால் இருக்கும்போது அங்கே.

இறுதிப் பரீட்சையின் முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் கெசியா முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினேன். முன்பெல்லாம் இந்தச் சத்தத்தோடு நான் தெருமுனை தாண்டியிருப்பேன், அவளுக்குத் தெரியாது. அன்று அவள் திரும்பினாள். தாழ்ப்பாளைக் கேட்டுவிட்டாள். "ம்மா" என்றாள். அதுவரை அந்தச் சொல்லை அவள் சொன்னதே இல்லை. பிறகு அழத் தொடங்கினாள். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு, "போடி, திரும்பிப் பாக்காத, போ" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பிறகு போனேன். ஆலப்பாக்கம் வரை கண்ணீர் நிற்கவில்லை. பரங்கிப்பேட்டையில் ஷமீமா ஏறி, ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அன்றைய பரீட்சையை எழுதினேன். தேறினேன்.

பிள்ளைக்காகவோ வேலைக்காகவோ ஆண்டவரிடம் விலை பேசிக்கொண்டிருக்கும் சகோதரி யாராவது இதை வாசித்தால், உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய போதனை இல்லை. உங்கள் பயத்தை அப்படியே அவர் முன்னால் வையுங்கள். பதிலாக எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வெறுங்கையோடு போன என்னை அவர் திருப்பி அனுப்பவில்லை. உங்களையும் அனுப்பமாட்டார் என்று நம்புகிறேன். நம்பிக்கை தளரும் நாளில் எனக்காகவும் ஜெபியுங்கள், எனக்கு அது அடிக்கடி தளரும்.

இன்று காலையும் நான் கிளம்பும்போது கெசியா என்னைக் கூப்பிட்டு அழுதாள். தெருமுனை வரை அந்த அழுகை வந்தது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.